512 பார்க்கும் நான்கு வேலைகள்

பதினாறு பிழைகள். சிங்கப்பூரின் காக்கி புக்கிட் தொழிற்பேட்டையில் இருக்கும் எங்கள் சிறிய அலுவலகத்தில், ஒரு சனிக்கிழமை பிற்பகல், நானே எழுதிய வழுநீக்கக் கருவி ஒரு வாடிக்கையாளரின் 2 டெராபைட் வன்தட்டைப் படித்துவிட்டு வழங்கிய தீர்ப்பு அது. வட்டில் இருந்தது எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமை, அதாவது கோப்புகளை வட்டில் அடுக்கி வைக்கும் முறைகளில் ஒன்று. அது வட்டை நான்கு ஒதுக்கீட்டுத் தொகுதிகளாகப் பிரித்து வைத்திருந்தது. ஒவ்வொரு தொகுதியின் தொடக்கத்திலும் நான்கு தலைப்புகள் வரிசையாக இருக்க வேண்டும்: முதலில் முறைமையின் அடிப்படை விவரங்களைச் சொல்லும் சூப்பர் பிளாக், அடுத்துக் காலி இடங்களின் கணக்கு, அதற்கடுத்து ஒவ்வொரு கோப்பின் விவரத்தையும் வைத்திருக்கும் ஐநோடுகளின் கணக்கு, கடைசியாகக் காலி இடக் கணக்கை மரம்போலக் கிளைகளாக வைத்திருக்கும் பட்டியல்கள் வளர்வதற்கென ஒதுக்கி வைத்த பிளாக்குகளின், அதாவது முறைமை இடம் ஒதுக்கும் அலகுகளின், பட்டியல். நாலு நாலு பதினாறு. பதினாறும் பழுது என்றது கருவி.

என்னோடு வேலை பார்க்கும் தம்பி, பலதுறைத் தொழிற்கல்லூரியும் தேசிய சேவையும் முடித்து வந்து ஓராண்டுகூட ஆகாதவன், விசைப்பலகையில் கையை வைத்துக்கொண்டே கேட்டான்: “அண்ணே, வட்டு போயிடுச்சுபோல. லாக்கை அழிச்சிட்டு ரிப்பேரை ஓட்டிடவா?”

லாக் என்பது, வட்டில் செய்யப்போகும் மாற்றங்களைக் கோப்பு முறைமை முன்கூட்டியே குறித்து வைக்கும் பதிவேடு. வேண்டாம் என்றேன். அப்போது எனக்குக் காரணம் தெளிவாகத் தெரிந்திருந்தது என்று சொன்னால் அது பொய். அந்தப் பட்டியலின் ஒழுங்குதான் என்னை உறுத்தியது. பழுதான வட்டுகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன்; வட்டு கெடும்போது எலி கடித்த துணியைப்போலத்தான் கெடும், இங்கே ஒரு கிழிசல், அங்கே ஒரு ஓட்டை என்று. நான்கு தொகுதிகளிலும் ஒரே இடத்தில், ஒரே வகையில், ஒன்றுகூடத் தப்பாமல் கெடுகிற எலி எங்கும் கிடையாது. வட்டை வேறொரு கணினியில், எழுத முடியாதபடி வாசிப்புக்கு மட்டும் என்று இணைத்துப் பார்த்தோம். லினக்ஸ் இயங்குதளத்தின் மைய நிரலான கர்னல் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. கோப்புகள் எல்லாம் இருந்தன. ஆகவே பொய் சொன்னது கருவி. கருவியை எழுதியவன் நான்.

எக்ஸ்எஃப்எஸ் தன் நான்கு தலைப்புகளையும் பைட் கணக்கில் அடுக்குவதில்லை, வட்டு ஒரே தடவையில் வாசிக்கும் அல்லது எழுதும் மிகச் சிறிய துண்டான செக்டர் கணக்கில் அடுக்குகிறது. சுழியாவது செக்டரில் சூப்பர் பிளாக், 1, 2, 3 ஆகிய செக்டர்களில் மற்ற மூன்றும். செக்டர் 512 பைட் என்றால் அவை 0, 512, 1024, 1536 ஆகிய பைட்டுகளில் தொடங்கும். 4096 பைட் என்றால் 0, 4096, 8192, 12288 ஆகிய பைட்டுகளில் தொடங்கும். வாடிக்கையாளரின் கோப்பு முறைமை இரண்டாம் வகை. என் கருவிக்குத் தெரிந்ததோ முதல் வகை மட்டுமே. அது 512ஆம் பைட்டுக்குப் போய் ‘எக்ஸ்ஏஜிஎஃப்’ என்ற நான்கு எழுத்து அடையாளத்தைத் தேடியது. அங்கே சுழியங்களைக் கண்டது. பழுது என்று எழுதியது. மூன்று தலைப்புகளின் கதை இவ்வளவுதான்.

சூப்பர் பிளாக் சரியான இடத்தில்தான் இருந்தது, அதையும் ஏன் பழுது என்றது? இதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு அந்தச் சனிக்கிழமையின் மீதி முழுவதும் செலவானது. எக்ஸ்எஃப்எஸ்ஸின் ஐந்தாம் பதிப்பு வடிவத்தில் ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு சரிபார்ப்புத் தொகை உண்டு. சூப்பர் பிளாக்கில் பயனுள்ள புலங்கள் முந்நூறு பைட்டைக்கூட நிரப்புவதில்லை, எஞ்சியதெல்லாம் சுழியம். ஆனால் தொகை கணக்கிடப்படுவது புலங்களுக்கு மட்டுமல்ல, செக்டர் முழுமைக்கும். கோப்பு முறைமையை உருவாக்கிய நிரல் 4096 பைட்டுக்குக் கணக்கிட்டு எழுதியிருக்க, என் கருவி 512 பைட்டை வாசித்து அதற்கு மட்டும் கணக்கிட்டது. விடுபட்டவை எல்லாம் சுழியங்கள்தானே, கூட்டினால் என்ன, கூட்டாவிட்டால் என்ன என்று தோன்றும். இது சாதாரணக் கூட்டல் என்றால் அப்படித்தான். சிஆர்சி வகைச் சரிபார்ப்பில் பின்னால் வரும் ஒவ்வொரு சுழியமும் விடையை மாற்றும். எண்ணுக்குப் பின்னால் சுழியம் சேர்த்தால் அதன் மதிப்பு மாறுவதைப்போல என்று தம்பிக்கு விளக்கினேன். முழுக்கச் சரியான உவமை இல்லை என்றாலும் அவனுக்குப் பிடிபட்டது.

இந்த வழு இத்தனை ஆண்டுகள் எப்படி ஒளிந்திருந்தது என்பதற்கு விடை எளிது. நாங்கள் சோதித்ததெல்லாம் மெய்நிகர் கணினிகளின் வட்டுகளில். அவை பெரும்பாலும் தம் செக்டர் 512 என்றே சொல்லும். உண்மையான வட்டுகளின் உலகம் எப்போதோ மாறிவிட்டது. ஐபிஎம் பிசியின் காலத்திலிருந்து 512 என்பது ஊரறிந்த எண்ணாக இருந்தது. வட்டின் அடர்த்தி கூடக்கூட, ஒவ்வொரு சிறு செக்டருக்கும் முன்னால் ஓர் இடைவெளி, பின்னால் பிழை திருத்தத்துக்கு ஏறத்தாழ 50 பைட் என்று செலவழிப்பது கட்டுப்படியாகாமல் போயிற்று. எட்டுச் செக்டர்களை ஒன்றாக்கி 4096 பைட் ஆக்கினால், 400 பைட் திருத்தக் குறிக்குப் பதிலாக ஏறத்தாழ 100 பைட் போதும். அதுவும் முன்னைவிடப் பெரிய சேதத்தைத் திருத்தும். வட்டு உற்பத்தியாளர்கள் இதற்கு அட்வான்ஸ்டு ஃபார்மட் என்று பெயரிட்டு, 2011 ஜனவரியிலிருந்து மேசைக்கணினி, மடிக்கணினி வட்டுகளில் இதற்கே மாறுவது என்று தங்களுக்குள் முடிவு செய்துகொண்டார்கள். பழைய மென்பொருள்கள் உடைந்துவிடக் கூடாது என்பதற்காகப் பல வட்டுகள் உள்ளே 4096 வைத்துக்கொண்டு வெளியே 512 என்று நடிக்கின்றன. வாடிக்கையாளருடையது அப்படி நடிக்கும் வட்டு. எக்ஸ்எஃப்எஸ்ஸை உருவாக்கும் நிரல் அந்த நடிப்பில் மயங்காமல், வட்டு தன் உண்மையான அளவாகச் சொன்ன 4096ஐயே எடுத்துக்கொண்டது. மயங்கியவன் நான் ஒருவன்தான்.

இந்த ஊரில் இருந்துகொண்டு இதில் ஏமாந்தது எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான். 1982இல் சீகேட் இங்கே தொழிற்சாலை தொடங்கியதிலிருந்து ஓரிரு தலைமுறைக்கு வன்தட்டு என்பது சிங்கப்பூரில் வீட்டுச் சொல். என் அம்மா அங் மோ கியோவில் ஒரு வட்டுத் தொழிற்சாலையில் இரவு முறை வேலை பார்த்தவர். தலைமுதல் கால்வரை வெள்ளை உடை அணிந்து, நுண்ணோக்கியின் கீழே வட்டின் தலையைக் கம்பியில் பொருத்தியவர். செக்டர் என்ற சொல்லை நான் முதலில் கேட்டது அவரிடமிருந்துதான், கல்லூரியில் அல்ல.

திங்கட்கிழமை முதல் திருத்தம். நிரலில் 512 என்று வரும் இடங்களை எண்ணினேன்: 63. எல்லாவற்றையும் ‘செக்டர் அளவு’ என்ற மாறியாக மாற்றினேன். அதன் மதிப்பைச் சூப்பர் பிளாக்கிலிருந்து எடுக்கச் செய்தேன். அரை மணி நேர வேலை. பதினாறு பிழைகளும் மறைந்தன. தே தாரிக் குடித்துவிட்டு வந்து லாக் பகுதியைத் திறந்து பார்த்தால், நேற்றுவரை சரியாக வாசித்த ஒரு பகுதியும் இப்போது உளறியது. கோப்பின் பெயர் இருக்க வேண்டிய இடத்தின் நடுவே ஏதோ ஒரு எண் துருத்திக்கொண்டு நின்றது, அதே எண் திரும்பத் திரும்ப.

எக்ஸ்எஃப்எஸ்ஸின் லாக் ஒரு வட்டச் சங்கிலி. முடிவுக்கு வந்ததும் மறுபடி தொடக்கத்திலிருந்து எழுதும். மின்சாரம் நடுவில் போனால் எது இந்தச் சுற்றில் எழுதப்பட்டது, எது போன சுற்றின் மிச்சம் என்று பிரித்தறிய வேண்டும். அதற்காக, எழுதும் ஒவ்வொரு 512 பைட் துண்டின் முதல் நான்கு பைட்டையும் எடுத்துத் தலைப்பில் பத்திரப்படுத்திவிட்டு, அந்த இடத்தில் சுற்றின் எண்ணை முத்திரையாகக் குத்தும். 32 கிலோபைட் பதிவுக்கு 64 முத்திரைகள். வாசிக்கிறவர் பத்திரப்படுத்தியதை எடுத்துத் திரும்ப ஒட்டவேண்டும். இந்த 512க்கும் வட்டின் செக்டருக்கும் எந்த உறவும் இல்லை. செக்டர் 4096 ஆனாலும் முத்திரை 512க்கு ஒன்றுதான். நான் அந்த 512ஐயும் மாற்றிவிட்டதால், கருவி எட்டில் ஒரு முத்திரையை மட்டும் எடுத்துவிட்டு மற்ற ஏழையும் தரவு என்று நம்பியது. திரும்பத் திரும்ப வந்த அந்த எண் சுற்றின் எண்.

அப்போதுதான் 63 இடங்களையும் ஒவ்வொன்றாக நிறுத்தி, ‘நீ யார்?’ என்று கேட்கத் தொடங்கினேன். நான்கு வேலைக்காரர்கள் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார்கள்.

முதலாவது, முகவரியின் அலகு. லினக்ஸ் கர்னல் வட்டில் ஓர் இடத்தைக் குறிக்க எப்போதும் 512 பைட்டையே அலகாகக் கொள்ளும், வட்டின் செக்டர் எதுவாக இருந்தாலும். எக்ஸ்எஃப்எஸ்ஸும் சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்தின் ஐரிக்ஸ் இயங்குதளத்தில் 1990களில் பிறந்தபோதே இதே அளவை அடிப்படை பிளாக் என்று பெயரிட்டு வைத்துக்கொண்டது. தேக்காச் சந்தையில் என் அம்மா இன்றும் இறாலை ‘ஒரு கட்டி’ என்றுதான் கேட்பார். கடைக்காரர் தராசில் 600 கிராம் நிறுத்துப் போடுவார். கட்டி என்பது பேச்சின் அலகு, தராசின் அலகு அல்ல. தராசை மாற்றினார்கள் என்பதற்காக அம்மாவின் கணக்கைத் திருத்தினால் வீட்டுக்கு வருகிற இறால்தான் மாறும். முகவரி அலகான 512ஐ நான் 4096 ஆக்கியிருந்த இடங்களில் கருவி சொன்ன முகவரிகள் எல்லாம் எட்டு மடங்கு தள்ளி நின்றன, ஆனால் பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. எனக்கு மிகவும் அச்சமூட்டியது இந்த வகைதான்.

இரண்டாவது, கருவிக்குக் கீழே இருக்கும் சாதனம் ஏற்றுக்கொள்ளும் மிகச் சிறிய வாசிப்பு. மூன்றாவது, கோப்பு முறைமை பிறந்தபோது தன் சூப்பர் பிளாக்கில் எழுதி வைத்துக்கொண்ட செக்டர் அளவு. நான்காவது, சற்றுமுன் சொன்ன லாக் முத்திரையின் இடைவெளி. ஐந்தாவதாக ஒருவரும் இருந்தார்: கோப்பின் பாதையை வைத்துக்கொள்ள நான் ஒதுக்கியிருந்த 512 எழுத்து நீளமுள்ள ஓர் இடம். வட்டோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. என் மொத்த மாற்றத்தில் அதுவும் செக்டர் அளவாகிவிட்டிருந்தது. அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

நான்குக்கும் நான்கு பெயர் வைத்தோம். நிரலில் 512 என்ற எண் எங்கும் வெறுமையாக வரக் கூடாது என்று விதி செய்தோம். முகவரி, பைட் எண், செக்டர் எண் மூன்றையும் தனித்தனி வகைகளாக அறிவித்து, ஒன்றை இன்னொன்றின் இடத்தில் கொடுத்தால் நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரே மறுக்கும்படி செய்தோம். இதற்குப் பிடித்தது நான்கு நாள். முந்தைய அரை மணி நேரத் திருத்தத்தைவிட இது நீண்டது என்று மேலாளர் ஒருமுறை நினைவூட்டினார். அவர் சொன்னதும் உண்மைதான்.

பெயர் வைத்த பிறகு ஒரு பழைய சிக்கல் புதிதாய்த் தெரிந்தது. செக்டர் அளவு சூப்பர் பிளாக்கின் 102ஆம் பைட்டில் இருக்கிறது. சூப்பர் பிளாக்கை முழுதாக வாசிக்கச் செக்டர் அளவு தெரிய வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை. இதற்கு வழி, இரண்டு முறை வாசிப்பதுதான்: முதலில் சாதனம் அனுமதிக்கும் சிறிய அளவை வாசித்து, அதிலிருந்து செக்டர் அளவை மட்டும் எடுத்து, அந்த வாசிப்பை எறிந்துவிட்டு, சரியான அளவில் மறுபடி வாசித்துச் சரிபார்ப்புத் தொகையைக் கணக்கிடுவது. இடையில் அந்த எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் முடியாது. எக்ஸ்எஃப்எஸ்ஸில் செக்டர் அளவு 512க்கும் 32768க்கும் இடைப்பட்ட, இரண்டின் அடுக்காகவே இருக்க முடியும்; பிளாக் அளவைவிடப் பெரிதாக இருக்க முடியாது; 121ஆம் பைட்டில் அதே அளவு அடுக்கு எண்ணாக இன்னொரு முறை எழுதப்பட்டிருக்கும். மூன்றும் ஒத்துப்போனால்தான் ஏற்பது.

ஒத்துப்போகாவிட்டால்? சாதாரண நிரல் என்றால் ‘இது எக்ஸ்எஃப்எஸ் அல்ல’ என்று சொல்லி வெளியேறலாம். வழுநீக்கக் கருவிக்கு அந்த உரிமை கிடையாது. உடைந்ததைப் பார்க்கத்தானே அதைத் திறக்கிறோம். ஆகவே அளவைக் கையால் கொடுக்கும் வசதி ஒன்றைச் சேர்த்தோம். அதோடு, கருவியே ஊகிக்கவும் ஒரு வழி கிடைத்தது. வழக்கமான 4096 பைட் பிளாக்கில், செக்டர் 512 என்றால் நான்கு தலைப்புகளும் முதல் பிளாக்குக்குள்ளேயே அடங்கிவிடும். 4096ஆம் பைட்டில் காலி இட மரத்தின் வேர் தொடங்கும். செக்டர் 4096 என்றால் அதே பைட்டில் ‘எக்ஸ்ஏஜிஎஃப்’ இருக்கும், மரத்தின் வேர் தொடக்கத்திலிருந்து நான்கு பிளாக் தள்ளி 16384இல் நிற்கும். அந்த ஓர் இடத்தின் நான்கு எழுத்தைப் பார்த்தாலே எந்த வீடு என்று தெரிந்துவிடும். ஊகம் என்பதைத் திரையில் வெளிப்படையாக ‘ஊகம்’ என்றே அச்சிடச் செய்தேன். தம்பி, நிறமும் மாற்றலாம் என்றான். மாற்றினோம்.

சாதனத்தின் அளவும் கோப்பு முறைமையின் அளவும் வேறு வேறு என்பது ஏட்டுச் சுரைக்காய் இல்லை என்பதை அடுத்த மாதமே ஒரு வட்டு காட்டியது. பழைய 512 வட்டு ஒன்றை யாரோ, நடிக்காமல் வெளியேயும் 4096 என்றே சொல்லும் புதிய வட்டுக்கு ஒரு பைட்டும் மாறாமல் நகலெடுத்திருந்தார்கள். எக்ஸ்எஃப்எஸ் அதை இணைக்க மறுத்தது. சாதனத்தின் செக்டர் கோப்பு முறைமையின் செக்டரைவிடப் பெரிதாக இருந்தால் கர்னல் இணைக்காது, அது நியாயமும்கூட. 512 பைட் எழுதச் சொன்னால் அந்த வட்டால் எழுத முடியாது. ஆனால் உள்ளே தரவு நலமாக இருக்கிறது, எங்கள் கருவி அதைப் படித்துக் காட்டியாக வேண்டும். கர்னலின் இடைநினைவகத்தில் இருக்கும் பழைய நகலைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பதற்காக எங்கள் கருவி வட்டை நேரடியாக வாசிக்கும். நேரடி வாசிப்பில் தொடக்கமும் நீளமும் சாதனச் செக்டரின் மடங்காக இல்லாவிட்டால் கிடைப்பது ‘செல்லாத மதிப்பு’ என்ற ஒற்றை வரிச் செய்தி. 512ஆம் பைட்டில் இருக்கும் காலி இடக் கணக்கைப் பெற, 0இலிருந்து 4096 பைட்டை வாசித்து, அதன் நடுவிலிருந்து 512 பைட்டைக் கிள்ளி எடுக்க வேண்டும். வாசிக்கும் அடுக்கும் புரிந்துகொள்ளும் அடுக்கும் நிரலில் தனித்தனியாகப் பிரிந்திருந்ததால் இது பத்து வரியில் முடிந்தது. பழைய நிரலாக இருந்தால் எங்கே கை வைப்பது என்றே தெரிந்திருக்காது.

இதன் மறுபக்கமும் உண்டு. 4096 வட்டை ஒரு கோப்பாக நகலெடுத்து வைத்துக்கொண்டு அந்தக் கோப்பைக் கருவியில் திறக்கிறோம் என்று வையுங்கள். கோப்புக்குச் செக்டர் கிடையாது. கேட்டால் பதில் இல்லை. பதில் இல்லாதபோது 512 என்று வைத்துக்கொள்வது என் பழைய நிரலின் பழக்கம். இப்போது அந்த ஊகம் வாசிப்பின் அளவை மட்டும் தீர்மானிக்கும், தலைப்புகள் எங்கே என்பதைத் தீர்மானிக்காது.

இதையெல்லாம் சோதிக்கப் புது வட்டுகள் வாங்கத் தேவையில்லை. லினக்ஸில் ஒரு கோப்பை, வட்டைப்போல நடிக்கும் லூப் சாதனமாக மாற்றும்போதே செக்டர் 4096 என்று சொல்லிவிடலாம். கர்னல் அதை உண்மையான 4096 வட்டைப்போலவே நடத்தும், தவறான அளவில் நேரடி வாசிப்புக் கேட்டால் மறுத்துவிடும். இருந்தும், மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேருக்கு ஒருநாள் போய், பழைய யூஎஸ்பி வட்டுப்பெட்டிகள் இரண்டை வாங்கி வந்தோம். 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட வட்டைப் பழைய விண்டோஸ் பார்க்க வேண்டும் என்பதற்காக, 512 வட்டை உள்ளே வைத்துக்கொண்டு வெளியே 4096 என்று சொல்லும் பெட்டிகள் ஒரு காலத்தில் விற்றன. வட்டைப் பெட்டியிலிருந்து கழற்றி நேரே கணினியில் செருகினால் வட்டின் பிரிவுகள் எங்கே தொடங்குகின்றன என்று சொல்லும் பகிர்வு அட்டவணையே காணாமல் போய்விடும். வாங்கிய இரண்டில் ஒன்று அப்படிப்பட்டது. மற்றது வேலையே செய்யவில்லை.

வேறு கோப்பு முறைமைகளையும் கருவியில் சேர்க்கும் எண்ணம் இருந்ததால் அவற்றையும் ஒருமுறை எட்டிப் பார்த்தேன். ஈஎக்ஸ்டி குடும்பம் இந்த வம்பே வேண்டாம் என்று சூப்பர் பிளாக்கை எப்போதும் 1024ஆம் பைட்டில் வைத்துவிட்டது. ஃபேட் முறைமையில் செக்டர் அளவு 11ஆம் பைட்டில் இருக்கும், ஆனால் 55, ஏஏ என்ற முத்திரை மட்டும் செக்டர் எவ்வளவு பெரிதானாலும் 510, 511 ஆகிய பைட்டுகளிலேயே இருக்கும், செக்டரின் கடைசியில் அல்ல. மாற்றக் கூடாத இன்னொரு 512.

கடைசிச் சோதனையைத் தம்பிதான் எழுதினான். அனுமதிக்கப்பட்ட எல்லாச் செக்டர் அளவுகளிலும், 512இலிருந்து 32768 வரை, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பில் எக்ஸ்எஃப்எஸ்ஸை உருவாக்கி, கருவியை அதன்மேல் ஓட்டும் ஒரு சிறு நிரல். 32768 பைட் செக்டர் கொண்ட வட்டை நாங்கள் இருவரும் கண்ணால் பார்த்ததில்லை, அதை எழுதுவதில் என்ன பயன் என்று கேட்டேன். “இருக்கட்டும் அண்ணே, ஒரு வரிதானே” என்றான்.

4096 வரை பச்சை. 8192இல் கருவி மயங்கி விழுந்தது. நான்காவது தலைப்பான பிளாக் பட்டியலில் எத்தனை பதிவுகள் அடங்கும் என்பது செக்டர் அளவைப் பொறுத்தது: 36 பைட் முகப்பு போக, பதிவுக்கு நான்கு பைட். 512இல் 119, 4096இல் 1015, 32768இல் 8183. பட்டியலை வாசிக்க நான் புதிதாக, அந்த நான்கு நாள்களுக்குள், என் கையாலேயே எழுதியிருந்த பகுதியில் ஒதுக்கிய இடத்தின் நீளம் 4096 பைட். தம்பி அந்த வரியைத் திரையில் நிறுத்திவிட்டு ஒன்றும் சொல்லாமல் கோப்பி வாங்கக் கீழே போனான். அவன் திரும்பி வருவதற்குள் நான் அதைத் திருத்தி வைத்திருந்தேன்.